ஒரு சீசன் முழுக்க நான்தான் எல் சைஸ்

கடையில் சட்டை வாங்குகிறவர்கள் கழுத்துப் பக்கம் 'எல்' என்று தைத்திருப்பதைப் பார்த்து, அது ஏதோ ஒரு அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அளவெல்லாம் ஒன்றுமில்லை. அது ஒரு ஆள். எங்கோ ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில், "கையைத் தூக்கு, இறக்கு, திரும்பு" என்று யாரோ சொல்லச் சொல்ல ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில், ஒரு சீசன் முழுக்க அந்த மனிதனாக நான் இருந்தேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டால் உங்களுக்கே புரியும்.)

அப்போது நான் அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு எடுக்கிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் அனுப்புவதும், நூல் வரவில்லை, சாயம் சரியில்லை, பட்டன் மாறிப்போச்சு என்று போகிற இடமெல்லாம் திட்டு வாங்குவதும்தான் வேலை. முதலாளி ஆறுமுகம் அண்ணன் டெய்லராக இருந்து முன்னுக்கு வந்தவர். வருடக்கணக்கில் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வருடம்தான் முதன்முதலாக நேரடி எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைத்தது. காலர் வைத்த டி-ஷர்ட், நேவி ப்ளூ. ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே பழைய போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் புதுப் போர்டு மாட்டிவிட்டார். இந்த ஆர்டர் நல்லபடியாகக் கப்பல் ஏறினால் நான் மேனேஜர். ஏறாவிட்டால் மறுபடியும் அடுத்தவர்களுக்குத் தைக்கிற கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்ப ஒரு ஆள் எதற்கு?

பையர் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொப்பை. அளவுச் சார்ட்டெல்லாம் அவருக்குப் பிடிக்காது. "என் கடைக்கு வருகிறவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள். அந்த மாதிரி ஒரு ஆளைப் பிடி. அவனுக்குச் சரியாக இருந்தால் எல் சைஸ் சரி. அதிலிருந்து மற்ற சைஸ்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்" என்பது அவர் கொள்கை. கம்பெனி ஆண்களை வரிசையாக நிற்கவைத்து டேப்பால் அளந்துகொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார். மார்பு, வயிறு, தோள். "பர்ஃபெக்ட்" என்றார். என் உடம்பைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

முதல் சாம்பிளை எனக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று சீல் வைத்துக் கொடுத்தார். இனிமேல் வரும் சாம்பிள்களை இதே ஆளுக்குப் போட்டு, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். சீல் வைத்த சாம்பிள் முறைப்படி, துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டரிடம், ஒத்துப் பார்ப்பதற்காக இருக்க வேண்டும். ஆறுமுகம் அண்ணன் அதை ஆபீஸில் முருகன் படத்துக்குக் கீழே வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தினமும் காலையில் விபூதி போட ஆரம்பித்தார். முதல் ஆர்டர் அல்லவா. அதற்குப் பிறகு அதைத் தொடுகிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஷிப்மென்ட் போற வரைக்கும் உங்க ஒடம்பு உங்களுது இல்லீங்க. கம்பெனியோடது. இப்ப எத்தன கிலோ இருக்கறீங்க?"

"தெரியலீங்ணா."

"வாங்க."

துணி ரோல்களை எடை போடுகிற பெரிய மெஷினில் ஏற்றினார். எண்பத்து நான்கு. அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை என்றால் முதலில் சாமிக்குச் சூடம், அடுத்தது எனக்கு எடை. கொஞ்சம் குறைந்திருந்தால் மத்தியானம் அண்ணன் செலவில் புரோட்டா. கொஞ்சம் கூடியிருந்தால் சாயங்கால டீயோடு வருகிற வடை கட். ஊரில் எத்தனையோ முதலாளிகள் இருக்கிறார்கள். தொழிலாளியின் தொப்பையை இவ்வளவு பொறுப்பாகக் காப்பாற்றிய முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த நேரம் பார்த்து எனக்குப் பெண் பார்த்தார்கள். உடுமலைப் பக்கம். பெண் பெயர் கவிதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேனேஜராகப் போகிற பையன் என்றதும் அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அம்மா மூன்றாவது தடவையாகத் தட்டில் பஜ்ஜி வைக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"வேண்டாமுங்க. எடை கொறைச்சுட்டு இருக்கறனுங்க. கல்யாணத்துக்குள்ள எழுவத்தஞ்சுக்கு வந்துருவனுங்க."

அதுவரை தலை நிமிராமல் இருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இப்ப எத்தனைங்க?"

"எம்பத்தி நாலுங்க."

"சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க'வில் ஒரு கணக்கு டீச்சர், பையன் விடையை எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கிற தொனி இருந்தது.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஷிப்மென்ட் ஆடிக் கடைசியில். நடுவில் இருப்பதோ சில வாரங்கள். அதற்குள் ஒன்பது கிலோவை எங்கே போய்த் தொலைப்பது? ஷிப்மென்டுக்கு முன்னால் குறைத்தால் அண்ணன் கொன்றுவிடுவார். பின்னால் குறைக்க நாள் போதாது. அப்போதுதான் கம்பெனிக்குப் பக்கத்தில், டயர் கடைக்கு மாடியில் இருந்த ஜிம் என் கண்ணில் பட்டது.

ஜிம்மை நடத்தியவர் ஜெபராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பகலில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், விடிகாலையிலும் சாயங்காலத்திலும் ஜிம் மாஸ்டர். அவரிடம் என் கோரிக்கையைப் பணிவாக வைத்தேன்.

"அண்ணாச்சி, ஆவணிக்குள்ள ஆளு எளைக்கோணுமுங்க. ஆனா ஷிப்மென்ட் போற வரைக்கும் எடை மட்டும் கொறையக் கூடாதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, எனக்கு மீன் கொழம்பு வேணும், ஆனா மீன் போடக் கூடாதுன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

"வழி ஒண்ணும் இல்லீங்களா?"

"ஏன் இல்ல? வெயிட்டத் தூக்குங்க. கொழுப்பு போவும், அந்த எடத்துல கறி வந்து உக்காரும். ஆளு மாறிருவீங்க. மெஷினு ஏமாந்துரும், பாத்துக்கிடுங்க."

இதில் 'மெஷினு ஏமாந்துரும்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆள் மாறிவிடுவேன் என்பது விழவே இல்லை. ஜிம்மில் எடை பார்க்கிற மெஷின் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "முன்ன ஒண்ணு கெடந்துச்சு. வாரவன்லாம் மொதல்ல அதுல ஏறுவான், மொகத்தத் தொங்கப் போட்டுட்டு மறுநா வரமாட்டான். தூக்கிக் கடாசிட்டேன். உங்க கழுத்துல தொங்குதே டேப்பு, அத வச்சு இடுப்ப அளந்து பாத்துக்கிடுங்க" என்றார். மெர்ச்சண்டைசரின் கழுத்தில் இன்ச் டேப் எப்போதும் தொங்கும். அது சட்டையை அளக்க. ஆளை அளக்க எடை மெஷின் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

முதல் வாரம் தலை வார முடியவில்லை, கை மேலே போகவில்லை. கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. (எப்படி எழுந்தேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.) ஆனாலும் விடாமல் போனேன். மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் ஓடின. தண்டால், பஸ்கி, பார்பெல். காலையில் அண்ணாச்சி சொன்ன முட்டை, மத்தியானம் அண்ணன் வாங்கிக் கொடுக்கும் புரோட்டா. திங்கட்கிழமை மெஷினில் ஏறினால் எண்பத்து நான்கு. ஆறுமுகம் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கவிதா போனில் கேட்பாள்.

"எத்தன இருக்கறீங்க?"

"எம்பத்தி நாலுங்க."

"போன வாரம்?"

"அப்பவும் அதேதானுங்க."

அந்தப் பக்கம் சத்தமே வராது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மானம் போகும். இத்தனை இரும்பைத் தூக்கியும் ஒரு கிலோகூட இறங்காத உடம்பு என்ன உடம்பு என்று ஆத்திரமாக வரும். ஆடி முடியட்டும், கடைசி வாரத்தில் பட்டினி கிடந்தாவது ஒன்பது கிலோவையும் இறக்கிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

என்ன நடக்கிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. தோல் பழசாகி நீண்டுவிட்டது என்று முடிவு செய்து பெல்ட் கடைக்காரனைத் திட்டினேன். சட்டை தோளில் பிடித்தது. அம்மா புதிதாக வாங்கிய சோப்புப் பவுடர் துணியைச் சுருக்குகிறது என்று வீட்டில் சண்டை போட்டேன். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அதே சோப்புப் பவுடர் பேண்ட்டை மட்டும் எப்படிப் பெரிதாக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எடை மாறவில்லை, ஆகவே நான் மாறவில்லை. விஷயம் முடிந்தது.

ஆனி மாதம், மொத்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் கடைசி சாம்பிள். பேட்டர்ன் மாஸ்டர் ரங்கசாமி அதை எனக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தோளில் இறுக்கம், வயிற்றில் தொளதொள.

"ஏனுங் சார், பேட்டர்ன் அதேதானுங்க. நீங்க ஏதாச்சும் எளைச்சிட்டீங்களா?"

"எம்பத்தி நாலுங்க மாஸ்டர். திங்கக்கிழமதான் பாத்தோம்."

ஆறுமுகம் அண்ணனும் அதற்குச் சாட்சி. ஆள் மாறவில்லை என்றால் துணியில்தான் கோளாறு. சாயப்பட்டறையில் ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று மூன்று பேரும் சேர்ந்து சாயப்பட்டறைக்காரரைப் போனில் ஒரு பிடி பிடித்தோம். (பாவம், அந்த மனுசன் இன்றுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.) சீல் வைத்த சாம்பிளை எடுத்து ஒத்துப் பார்க்கலாமா என்று ரங்கசாமி மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாமிகிட்ட இருக்கறத எடுக்கறதுங்களா?" என்று அண்ணன் கேட்ட கேள்வியில் அவர் வாயை மூடிக்கொண்டார். பேட்டர்ன் திருத்தப்பட்டது. தோளில் கூட்டினோம், வயிற்றில் பிடித்தோம். அதற்கேற்ப மற்ற சைஸ்களும் திருத்தப்பட்டன. எனக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்னால், பக்கவாட்டில், பின்னால் மூன்று போட்டோ அனுப்பினோம். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பையர் ஓகே சொன்னார். மொத்தத் துணியும் வெட்டுப்பட்டது, தைக்கப்பட்டது, பெட்டியில் ஏறியது.

ஷிப்மென்டுக்கு முன்னால் பையர் நேரில் வந்தார். அவருக்கு மாலை, இளநீர். செக்கிங் செக்‌ஷனில் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் ஒரு பெட்டியைத் தானே பிரித்து, ஒரு எல் சைஸை எடுத்து, "என் சைஸ்" என்று சிரித்தபடி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

வரும்போது சிரிப்பு இல்லை. தோள் தையல் இரண்டு பக்கமும் முழங்கைக்கு இறங்கப் பார்த்தது. வயிறு வெடிக்கிற மாதிரி இறுகி, தொப்புள் எங்கே என்று கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. ஆறுமுகம் அண்ணன் என் காதில், "இளநீரு குடுத்திருக்கக் கூடாதுங்களோ?" என்றார்.

அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். தோளில் தொங்கியது, வயிற்றில் இறுகியது. வாட்ச்மேனுக்கும் அப்படியே. ரங்கசாமி மாஸ்டருக்கும் அப்படியே. கடைசியில் நான் போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. (அளவெடுத்துத்தானே தைத்தது!) செக்கிங் பெண்களில் ஒருத்தி, "அட, சாருக்கு மட்டும் எத்தன ஜம்முனு இருக்குது!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பையர் என்னைப் பார்த்தார். "இது அதே ஆளா?"

ஆறுமுகம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் கிளம்பி வந்தது. "சேம் மேன் சார்! சேம் வெயிட்! எவ்ரி மண்டே!" என்று கத்திக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்துப் போய் மெஷினில் ஏற்றினார். எண்பத்து நான்கு. பையர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மெஷினைப் பார்த்தார். அப்புறம் பொறுமையாக, சீல் வைத்த முதல் சாம்பிள் எங்கே என்று கேட்டார்.

முருகனிடமிருந்து அது இறங்கியது. உதறியதில் ஐந்தாறு மாத விபூதி புகையாகக் கிளம்பியது. "சட்டையக் கழட்டுங்க தம்பி" என்றார் அண்ணன். கழற்றினேன். முப்பது நாற்பது பெண்கள், டெய்லர்கள், டிரைவர், எல்லார் முன்னாலும். எல்லாரும் என் உடம்பைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்போதுதான் முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன். சாம்பிளைத் தலைவழியே மாட்டினால் தோளில் சிக்கிக்கொண்டது. இழுத்து இறக்கினால் வயிற்றுப் பக்கம் இன்னொரு ஆள் புகுந்துகொள்ள இடம் இருந்தது.

ஆறுமுகம் அண்ணன் வயிற்றுப் பக்கம் தொங்கிய துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"காம்பாக்டிங்ல உட்ட துணியாட்ட ஆயிட்டீங்களே தம்பி! கிலோ அதே கிலோ. அளவு போச்சுங்களே."

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாயம் போட்டு வந்த பனியன் துணி தொளதொளவென்று இருக்கும். காம்பாக்டிங் மெஷினில் விட்டால் நெருங்கி இறுகிவிடும். எடை அப்படியே இருக்கும், அளவு சுருங்கிவிடும். அதனால்தான் திருப்பூரில் துணி வந்ததும் எடையோடு அகலத்தையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு ரோலையும் விரித்துப் போட்டு அகலம் பார்த்த நாங்கள், என்னை மட்டும் உருட்டி எடை போட்டு அனுப்பியிருக்கிறோம்.

ஜிம்முக்குப் போனதை ஒப்புக்கொண்டேன். கல்யாணத்துக்காக என்றேன். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, "போர்டைத் திருப்பி மாத்தோணுமாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே ஓடிப்போய் அழலாம் என்றால் உடம்பில் மாட்டியிருப்பது சாமி சாம்பிள், என் சட்டை எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை.

பனியன் துணியில் பிரித்துவிடுவதற்குத் தையலுக்குள் மிச்சம் எதுவும் இருக்காது. வெட்டியது வெட்டியதுதான். பையர் மறுநாள் முடிவு சொல்வதாகப் போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் கவிதாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மேனேஜர் வேலை இருக்காது, வேலையே இருக்குமா என்பதும் சந்தேகம், உங்கள் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப எத்தன இருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"எம்பத்தி நாலுங்க."

இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். பிறகு, "அத்தனையும் மாறிப்போச்சு, சொன்ன நம்பரு மட்டும் மாறவே இல்ல. உங்களுக்கு நான் கணக்குச் சொல்லிக் குடுக்கோணுமுங்க. கல்யாணத்தை எதுக்குங்க நிறுத்தறது?" என்றாள். அந்த நிமிடம்தான் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிஜமாகவே ஆசை வந்தது. அதற்கு முன்னால் பயம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பையர் வந்தார். எஸ்ஸும் எம்மும் இளவட்டங்களுக்கு ஆகும், அந்த வயசுப் பையன்கள் இப்படி உடம்பைப் பிடிக்கிற சட்டையைத்தான் கேட்கிறார்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். எல், எக்ஸெல் வேண்டவே வேண்டாம். அடுத்த ஆர்டரும் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. இனிமேல் மனுசனை நம்ப முடியாது, ஊருக்குப் போய் ஒரு டம்மி அனுப்புகிறேன் என்றார். போர்டு பிழைத்தது. நானும் பிழைத்தேன். கூரியரில் வந்து இறங்கியது, தலையும் கையும் இல்லாத, நல்ல தொப்பையுள்ள ஒரு டம்மி. முதல் திங்கட்கிழமை ஆறுமுகம் அண்ணன் அதையும் மெஷினில் ஏற்றி எடை பார்த்தார். இந்தத் தடவை டேப்பாலும் அளந்தார்.

பையர் வேண்டாம் என்று விட்டுப்போன எல்லும் எக்ஸெல்லும் கம்பெனியில் மலையாகக் கிடந்தன. ஆவணியில் என் கல்யாணத்துக்கு வந்த அண்ணன் வேன் நிறையப் பெட்டிகளோடு வந்தார். பெண் வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு. மறுநாள் விருந்துக்குக் கவிதாவின் அப்பா, சித்தப்பாக்கள், பெரியப்பா, மாமன்கள் எல்லாரும் மரியாதைக்காக அதையே போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். அத்தனை தோளும் தொங்கியது, அத்தனை வயிறும் இறுகியது. பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை ஒடம்புக்குள்ள நாங்கெல்லாம் பூந்துட்டமுங்க, வெளிய வரத்தான் முடியலீங்க" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு. இன்றைக்கும் அந்த வீட்டில் யாருக்காவது சட்டை சேரவில்லை என்றால், "மாப்பிள்ளை அளவா?" என்றுதான் கேட்பார்கள். துணிக்கடையில் வைத்தே கேட்பார்கள். விற்பனைப் பையன்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஜிம்மை நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாளும் தொடவில்லை. எழுபத்தைந்தையும் பார்த்ததில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த புரோட்டாவின் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. ஆறுமுகம் அண்ணன் துணி நல்ல துணி, இத்தனை வருடம் ஆகியும் சாயம் போகவில்லை, கிழியவும் இல்லை. போன பொங்கலுக்கு மாமனார் வீட்டில் பீரோவைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத ஒரு எல் சைஸ் கிடைத்தது. எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். ஒரு ஆசையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தோள் வரை இறங்கியது. வயிற்றில் நின்றுவிட்டது. கழற்றலாம் என்று மேலே இழுத்தால் பாதியில் தலையை மூடிக்கொண்டு சிக்கிக்கொண்டது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கியபடி, கண்ணை மூடிய துணிக்குள்ளிருந்து கவிதாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். இழுத்துவிடுவாள் என்று நின்றேன். அவள் கதவை அகலத் திறந்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"பெரியப்பா, எல்லாரும் ஓடியாங்க! மாப்பிள்ளை ஒடம்புக்குள்ள மாப்பிள்ளையே போக முடியாம நிக்கறாரு!"